முலாமா, துருவா? கோல்ஃப் வெட்ஜின் மேற்பூச்சு பற்றி ஓர் ஆய்வு

தருமபுரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44-இல் வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் ஓசூர். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது தருமபுரி மாவட்டத்து ஊர்தான். அதன் பக்கத்தில் குளோவர் கிரீன்ஸ் என்ற கோல்ஃப் திடல் இருக்கிறது. எல்லை தாண்டினால் 1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் முதலாகப் பல திடல்கள். தருமபுரிக்காரர் ஒருவர் இந்த ஆட்டத்தைப் பழகுகிறார் என்றால் பெரும்பாலும் இந்தச் சாலையில்தான் போய் வருகிறார்.

முதல் செட் வாங்கும்போது மட்டையின் நிறத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, கிடைத்ததை வாங்குகிறோம். ஆட்டம் கொஞ்சம் கைக்கு வந்து, வெட்ஜை மட்டும் தனியாக வாங்கப் போகும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. ஒரே மட்டை, ஒரே சாய்வு, ஒரே எடை. ஆனால் குரோம், நிக்கல், கருப்பு, பூச்சே இல்லாத ‘ரா’ என்று நாலைந்து மேனிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். துருப்பிடிக்கும் மட்டைதான் பந்தை நன்றாகச் சுழற்றும் என்கிறார் ஒருவர். கருப்பு வாங்கினால் ஒரே வருஷத்தில் வெளுத்துவிடும் என்கிறார் இன்னொருவர். இவற்றில் எது உலோகவியல், எது விற்பனைப் பேச்சு, எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேற்பூச்சு இரும்பைக் காக்கும், கண் கூச்சத்தைக் குறைக்கும். பந்தைச் சுழற்றுவது அதன் வேலை இல்லை.

மண் தின்னும் மட்டை

கோல்ஃப் பையில் விதிப்படி பதினான்கு மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றில் மண்ணையும் மணலையும் ஈரப் புல்லையும் அதிகம் தின்பது வெட்ஜ். முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். சாய்வு சுமார் 44 பாகையில் தொடங்கி 60-க்கு மேலும் போகும். பிட்சிங், கேப், சாண்ட், லாப் என்ற பெயர்களெல்லாம் அந்தச் சாய்வின் படிகளே. பந்தை உயரத் தூக்கி, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் விழுந்ததும் ஓடாமல் நிறுத்துவதற்காக உண்டானது இது.

மணலுக்கென்று தனி மட்டை வந்த கதையில் ஜீன் சாரசென் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயர் முதலில் வரும். மட்டையின் அடிப்பகுதியில் உலோகத்தைக் கூட்டி, அது மணலில் புதைந்துபோகாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி செய்தார். அந்த மட்டையோடு போய் 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் திடலில் பிரிட்டிஷ் ஓபனை வென்றார். அடிப்பாகத்தின் அந்தப் புடைப்பைத்தான் இன்று ‘பவுன்ஸ்’ என்கிறோம்.

பூச்சைப் பற்றிப் பேசுமுன் உள்ளே என்ன உலோகம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான நல்ல வெட்ஜுகள் மென்மையான கார்பன் எஃகில் ஆனவை: வார்த்தெடுத்தவை என்றால் 8620 என்ற வகை, அடித்துச் செய்தவை என்றால் 1025 போன்ற வகைகள். இவை துருப்பிடிக்கும். 431, 17-4 ஆகிய எவர்சில்வர் வகைகளில் செய்த வெட்ஜுகளும் உண்டு. அவற்றில் குரோமியம் எஃகுக்குள்ளேயே கலந்திருப்பதால் பூச்சு இல்லாவிட்டாலும் எளிதில் துருவேறாது. ஆகவே, எந்தப் பூச்சு என்று கேட்பது முதன்மையாகக் கார்பன் எஃகு மட்டைகளை ஒட்டியே.

இது ஒன்றும் புதிய கவலை இல்லை. 1920-கள் வரை கோல்ஃபின் இரும்பு மட்டைகளுக்குத் தலை வெறும் கார்பன் எஃகுதான். ஆட்டம் முடிந்ததும் மட்டை சுமக்கும் கேடிகள் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுப்பார்கள். தேய்க்கத் தேய்க்க முகமும் தேய்ந்துபோகும். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டறிந்த பின்பு, ‘துருவேறாதது’ என்ற முத்திரையோடு மட்டைகள் வரத் தொடங்கின. குரோம் முலாமும் கூடவே வந்தது. நூறு ஆண்டுக்கு முன் தொல்லை என்று விரட்டிய துருவை, ‘ரா ஃபினிஷ்’ என்று பெயர் சூட்டி இன்று கூடுதல் காசுக்கு விற்கிறார்கள்.

துரு எப்படி ஏறுகிறது

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இது மின்வேதி வினை. இரும்பின் ஓரிடம் மின்னணுக்களை இழந்து கரைகிறது. இன்னோரிடத்தில் காற்றின் ஆக்சிஜன் அந்த மின்னணுக்களை வாங்கிக்கொள்கிறது. நடுவில் இருக்கும் ஈரப்படலம் இரண்டையும் இணைக்கும் கம்பியாகிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமே இதற்குப் போதும். குளோரைடு உப்பு கலந்தால் வேகம் பல மடங்கு.

கோல்ஃப் ஆட்டக்காரரிடம் குளோரைடு வந்துசேரும் வழிகள் பல. கடற்காற்று ஒன்று. உள்ளங்கை வியர்வை இன்னொன்று. விவசாயிகள் பொட்டாஷ் என்று வாங்கும் உரம் பொட்டாசியம் குளோரைடுதான். புல்வெளிக்கும் அதைப் போடுவதுண்டு. மட்டையைக் கழுவ ஆழ்துளைக் கிணற்றின் சவர் நீரைப் பயன்படுத்தினால், நீர் காய்ந்த பிறகு உப்பு மட்டும் இரும்பின் மேல் தங்கிவிடும்.

இந்த மண்ணுக்கு இரும்பும் துருவும் பழைய உறவு. பழைய தருமபுரி மாவட்டப் பகுதியான மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முந்தையது, கி.மு. 2172 வாக்கிலானது என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. இப்படிப் புதைகுழிகளில் கிடைக்கும் இரும்பில் பெரும்பகுதி துருவாக மாறிய நிலையில்தான் கைக்கு வருகிறது. உருவத்தைப் பார்த்து வாள் என்றோ கத்தி என்றோ அறிய வேண்டியிருக்கும். உள்ளே உலோகம் கொஞ்சமே மிஞ்சியிருக்கும்.

இதற்கு மறுபக்கம் டெல்லி மெஹ்ரோலியின் இரும்புத் தூண். சுமார் 1,600 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றும் அது அழியவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதன் காரணத்தை விளக்கினார். பழைய முறையில் உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது துருவோடு வினைபுரிந்து, உலோகத்தை ஒட்டி இறுக்கமான பாஸ்பேட் படலத்தை உண்டாக்கியது. தூணின் துருவே தூணுக்குக் கவசமானது. ‘ரா’ வெட்ஜ் வாங்குகிறவர்கள் சிலர் இந்தத் தூணைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அது பொருந்தாது. வெட்ஜுக்கான நவீன எஃகில் பாஸ்பரஸ் வேண்டுமென்றே மிகக் குறைவாக வைக்கப்படுகிறது. அதன் மேல் ஏறும் துரு தளர்வானது, உதிரக்கூடியது, அடியில் இருப்பதைக் காக்காது.

கடையில் உள்ள மேனிகள்

*குரோம்.* பெயர்தான் குரோம்; பாதுகாப்பின் பெரும்பங்கு நிக்கலுடையது. எஃகின் மேல் பத்து மைக்ரான் அளவிலோ அதற்கு மேலோ நிக்கல் படியவைத்து, அதன் மேல் அரை மைக்ரானுக்கும் குறைவான குரோமியம் ஏற்றுவார்கள். குரோமியம் மிகக் கடினமானது, நிறம் மங்காது. ஆனால் அதில் நுண்ணிய விரிசல்கள் இருக்கும். அடியில் உள்ள நிக்கல்தான் ஈரத்தைத் தடுக்கிறது. கண்ணாடிபோல் மின்னும் குரோமும் உண்டு, மணல் வீசி மங்கலாக்கிய சாட்டின் குரோமும் உண்டு. இதன் பலவீனம் ஒன்றே: கல்லில் பட்டு முலாம் அடிவரை கீறிவிட்டால் அந்தக் கீறலில் இரும்பு மட்டும் வேகமாக அரிபடும். மின்வேதி வரிசையில் நிக்கல் இரும்பைவிட வினைத்திறன் குறைந்தது என்பதால், பலியாவது இரும்புதான். ஜி.ஐ. தகரத்தில் நடப்பது இதற்கு நேரெதிர். அங்கே துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் துத்தநாகம் மென்மையானது, வெட்ஜ் முகத்தின் உராய்வைத் தாங்காது.

*நிக்கல்.* மேலே குரோமியம் இல்லாமல் நிக்கலோடு நிறுத்திவிடுவது. பளபளப்பு குறைவு, பார்க்க இதமாக இருக்கும். நாளாக ஆக இலேசாக மஞ்சள் தட்டும்.

*கருப்பு ஆக்சைடு.* காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரியில் காய்ச்சி, அதில் மட்டையை முக்குவார்கள். இரும்பின் மேற்பரப்பே மாக்னடைட்டாக மாறும். சேலத்துக் கஞ்சமலையில் தாதுவாகக் கிடக்கும் அதே சேர்மம். படலத்தின் தடிமன் சுமார் ஒரு மைக்ரான். அது நுண்துளைகள் கொண்டதால் எண்ணெய் ஊறினால்தான் துருவைத் தடுக்கும். மணலில் சில மாதம் ஆடினால் முகத்திலும் அடியிலும் கருப்பு போய் இரும்பு தெரியும். கருப்பு வெளுத்துவிடும் என்ற பேச்சு இந்த வகையைப் பொறுத்தவரை முழு உண்மை.

*நைட்ரைடு செய்த கருப்பு.* உருகிய உப்புத் தொட்டியில் ஏறத்தாழ 580 டிகிரியில் நைட்ரஜனையும் கார்பனையும் எஃகுக்குள் ஊறவைப்பது. கியூ.பி.கியூ. என்ற பெயரில் துப்பாக்கி உறுப்புகளுக்கும் வண்டி உறுப்புகளுக்கும் செய்யும் வேலை இது. மேலே பூசியது இல்லை, உள்ளே ஊறியது. எனவே உரிந்து வராது, கருப்பு ஆக்சைடைவிட நெடுநாள் உழைக்கும்.

*பி.வி.டி., டி.எல்.சி.* வெற்றிட அறையில் உலோகத்தை ஆவியாக்கிச் சில மைக்ரான் தடிமனில் படியவைப்பது பி.வி.டி.; வைரத்துக்கு நெருக்கமான அமைப்புள்ள கார்பனைப் படியவைப்பது டி.எல்.சி. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், அன்றைய தருமபுரி மாவட்டத்து ஓசூரில் கடிகார ஆலை அமைத்தது. கைக்கடிகாரக் கூட்டுக்குத் தங்க நிறமோ கருப்போ ஏற்ற உலகெங்கும் கையாளும் முறை இந்த பி.வி.டி.தான். கடிகாரம் உரசுவது சட்டைக் கையில். வெட்ஜ் உரசுவது குவார்ட்ஸ் மணலில். டி.எல்.சி. குவார்ட்ஸைவிடக் கடினமானது, ஆனாலும் அதன் அடியில் இருக்கும் எஃகு மென்மையானது. கல் பட்டு எஃகு அமுங்கினால் மேலுள்ள படலம் வெடிக்கும்.

*செம்பு வகை.* பெரிலியம் கலந்த செம்பில் பிங் நிறுவனம் ஒரு காலத்தில் மட்டைகள் செய்தது. நிறத்துக்கு அவை இன்றும் பேர் பெற்றவை. பெரிலியத் தூள் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு. பழைய மட்டை கிடைத்தால் ஆடலாம். அரத்தால் ராவவோ சாணை பிடிக்கவோ கூடாது.

*ரா.* பூச்சே இல்லை. ஆலையிலிருந்து எண்ணெயோடு வரும், சில வாரத்தில் பழுப்பேறும். முழு மட்டையும் ‘ரா’வாக விடுவது ஒரு வகை, உடம்புக்கு முலாம் இட்டு முகத்தை மட்டும் வெறுமையாக விடுவது இன்னொன்று. 2019-இல் டெய்லர்மேட் இரண்டாவது வகையைப் பரவலாகக் கொண்டுவந்தது. ஆடத் தொடங்கும்வரை துருவேறாமலிருக்க முகத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி விற்றார்கள்.

சுழற்சி என்ற வாதம்

‘ரா’ முகம் பந்தை அதிகம் சுழற்றும் என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, துருவின் சொரசொரப்பு பந்தைப் பிடித்துக்கொள்கிறது. மற்றொன்று, முலாம் இல்லாததால் முகத்தில் ஓடும் வரிப்பள்ளங்களின், அதாவது குரூவ்களின், விளிம்பு கூர்மையாக நிற்கிறது.

முதல் காரணம் நிற்காது. பந்தும் முகமும் தொட்டிருப்பது ஏறத்தாழ ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் உருவாகும் உராய்வை முகத்தின் கடைசல் வரிகளும் பந்தின் மேலுறையும் தீர்மானிக்கின்றன. துரு இறுக்கமில்லாத தூள். அடி விழும் இடத்தில் முதலில் உதிர்வது அதுதான். பல வாரம் ஆடிய ‘ரா’ வெட்ஜைப் பாருங்கள்: முகத்தின் ஓரமெல்லாம் பழுப்பு, பந்து படும் நடுப்பகுதி மட்டும் வெள்ளை. அங்கே துருவே இல்லை. பிறகு அது எதைப் பிடிக்கும்?

இரண்டாவது காரணத்தில் கொஞ்சம் பொருள் இருக்கிறது. முலாம் எந்த மூலையையும் சற்று உருட்டத்தான் செய்யும். ஆனால் விதி அதைச் சமப்படுத்திவிடுகிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் கொண்டுவந்து 2010-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 25 பாகையும் அதற்கு மேலும் சாய்வுள்ள மட்டைகளில் குரூவ் விளிம்பின் வளைவு ஆரம் 0.010 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அகலம் 0.035 அங்குலம், ஆழம் 0.020 அங்குலம் என்ற வரம்புகளும் உண்டு. முகத்தின் சொரசொரப்பும் நுண்ணிய கடைசல் அளவைத் தாண்டக் கூடாது. அளப்பது விற்பனைக்கு வரும் மட்டையை. ஆகவே முலாமின் தடிமனைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே கூர்மையாகக் கடைந்தால், குரோம் மட்டையும் அதே எல்லையில் வந்து நிற்கும். எல்லையைத் தாண்டும் சலுகை ‘ரா’வுக்கும் கிடையாது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காய்ந்த புல்லில், சுத்தமான முகத்தில் குரூவின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதன் உண்மையான வேலை ஈரமும் புல் சாறும் இடையில் சிக்கும்போது அவற்றுக்கு வழிவிடுவது. அதனால்தான் உயரப் புல்லிலும் அதிகாலைப் பனியிலும் தேய்ந்த மட்டை கைவிடுகிறது. ஈரத்தைத் தள்ளும் பூச்சு என்று பிங் நிறுவனம் தன் வெட்ஜுகளில் ஒரு வகை குரோமை விற்கிறது. பூச்சுக்கும் சுழற்சிக்கும் தொடர்பு உண்டு என்று வாதிட ஓரளவு இடமிருப்பது இந்த ஈர நிலையில்தான். அங்கேயும் ஒரு துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு அடிப்பது எல்லாப் பூச்சுக்கும் பொதுவான மருந்து.

பந்தை மாற்றிப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். யூரித்தேன் மேலுறையுள்ள பந்துக்கும் கடினமான சர்லின் உறையுள்ள பந்துக்கும் குட்டை அடிகளில் தெரியும் வித்தியாசம், எந்த இரண்டு பூச்சுகளுக்கு இடையிலான வித்தியாசத்தையும் விழுங்கிவிடும். சுழற்சி வேண்டும் என்பவர் முதலில் பந்தை மாற்ற வேண்டும்.

கண்ணும் கையும்

சுழற்சியை ஒதுக்கிவைத்தால் பூச்சு உண்மையாகவே மாற்றும் ஒன்று தெரிகிறது: ஒளி. வெட்ஜ் முகம் வானத்தைப் பார்க்கிறது. சித்திரை வெயிலில், நடுப்பகலில், கண்ணாடிக் குரோம் கண்ணில் அடிக்கும். குனிந்து நிற்பவர் பந்தைப் பார்ப்பதற்குப் பதில் ஒளியைப் பார்ப்பார். தருமபுரி, ஓசூர்ப் பக்கம் ஆடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சாட்டின் குரோம், நிக்கல், கருப்பு, ‘ரா’ எல்லாமே இங்கே கண்ணாடிக் குரோமை வெல்லும். கருப்பு மட்டை கண்ணுக்குச் சிறுத்துத் தெரியும். சிலருக்கு அது துல்லியம், சிலருக்குப் பயம், மனத்தைப் பொறுத்தது.

கையுணர்வு வேறு கதை. செம்பு அடிப்பூச்சு தொடுகையை மென்மையாக்குகிறது என்று மிசுனோ போன்ற நிறுவனங்கள் விளம்பரப்படுத்துகின்றன. ஏறத்தாழ 300 கிராம் எஃகுத் தலையின் மேல் சில மைக்ரான் உலோகம் அதிர்வை எவ்வளவு மாற்றிவிடும்? எடைக்கணக்கு ஒன்றே சந்தேகப்படப் போதும். கைக்கு மென்மையாகப் படுவது பந்தாலும் மட்டைத் தண்டாலும் அடி விழுந்த இடத்தாலும்.

தேய்மானத்தை யாராலும் பூச முடியாது

தகடூரை ஆண்ட அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் போன செய்தி புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் இருக்கிறது. தகடூர் இன்றைய தருமபுரி. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே ஆயுதங்கள் அலங்காரத்தோடும் நெய்ப்பூச்சோடும் காவலுக்குள் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ போரில் நுனி சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வதுபோல் இகழ்ந்த பாட்டு என்று படித்திருப்போம். கருவியைப் பற்றிய அறிவாகவும் அதைப் படிக்கலாம். நெய் பூசி இரும்பைக் காக்கும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது. அந்த நெய் துருவைத் தடுத்ததே தவிர உழைப்பின் தேய்மானத்தைத் தடுக்கவில்லை.

வெட்ஜுக்கும் இதே நிலை. பங்கர் எனப்படும் மணற்குழிகளின் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது எஃகைவிடக் கடினம். ஒவ்வொரு அடியிலும் குரூவ் விளிம்பு கொஞ்சம் மழுங்குகிறது. குரோம் இந்த மழுங்கலைக் கொஞ்சம் தள்ளிப்போடும்; ‘ரா’ கொஞ்சம் முந்திக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஆடுகிறவருக்கு ஓரிரு ஆண்டில் விளைவு தெரியும். அதியமானின் வேலுக்குப் பட்டறையில் புதுக் கூர் வைக்கலாம். வெட்ஜின் குரூவை வீட்டிலோ பட்டறையிலோ ஆழப்படுத்தினால் விதியின் வரம்பைத் தாண்டிவிடும் ஆபத்து உண்டு. போட்டியில் அந்த மட்டை செல்லாது. துரு மட்டும் இயல்பான பழமை என்றே கொள்ளப்படும், அதற்காக யாரையும் விலக்குவதில்லை.

ஊரும் காற்றும்

பூச்சைத் தேர்ந்தெடுப்பதில் ஆடும் ஊருக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். தமிழ்நாட்டிலும் எல்லையை ஒட்டியும் உள்ள திடல்களைக் காற்றின் தன்மையால் மூன்றாகப் பிரிக்கலாம்.

சென்னை முதல் வகை. நந்தனத்தின் காஸ்மோபாலிடன் திடல் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. உப்புக் காற்று, ஆண்டு முழுக்க ஈரப்பதம், கொட்டும் வியர்வை. இங்கே ‘ரா’ மட்டை ஒரே இரவில் செம்பழுப்பாகிவிடும். குரோமோ எவர்சில்வரோதான் ஏற்றது.

மலைத்திடல்கள் இரண்டாம் வகை. 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பும் ஊட்டி, வெலிங்டன் ஜிம்கானாத் திடல்களும் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கும் 2,250 மீட்டருக்கும் இடையில் இருக்கின்றன. உப்பு இல்லை, மூடுபனியும் ஈரப் புல்லும் உண்டு. மேகமூட்டத்தில் கண்ணாடிக் குரோமும் அவ்வளவாகக் கூசாது. ஆடும்போது அடிக்கடி துடைக்க வேண்டும். ஈரத் துண்டோடு மட்டையைப் பையில் மூடிவைத்தால் எந்தப் பூச்சும் தோற்கும்.

மூன்றாம் வகை உள்நாட்டு மேட்டுநிலம்: ஓசூர், பெங்களூர், கோயம்புத்தூர் செட்டிபாளையம். தருமபுரிக்காரரின் ஆட்டம் இந்த வகையில் அடங்குகிறது. மழைக்காலம் நீங்கலாகக் காற்று உலர்ந்தது, கடல் வெகுதூரம், வெயில் அதிகம். ‘ரா’வோ கருப்போ வைத்துக்கொள்ளத் தமிழ்நாட்டில் இதைவிடத் தோதான இடம் இல்லை. ஒரே எச்சரிக்கை நீர். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீர் ஃபுளோரைடு மிகுதிக்குப் பேர்போனது. அதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. இரும்பின் கவலை பல்லின் கவலையிலிருந்து வேறு. சவர் கிணற்றில் ஃபுளோரைடோடு கூடவரும் குளோரைடும் மற்ற உப்புகளும்தான் மட்டையை அரிக்கும். ஆழ்துளை நீரில் கழுவினால் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முடிந்தால் குடிநீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.

‘ரா’ மட்டையைப் பராமரிப்பது இரும்பு தோசைக்கல்லைப் பராமரிப்பது போலத்தான்: பயன்படுத்திய கையோடு துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் காட்டி வைத்தால் துரு எளிதில் அண்டாது, ஈரத்தோடு போட்டுவிட்டால் மறுநாளே முகம் சிவக்கும். வித்தியாசம் ஒன்று உண்டு. ஆடப்போகும் முன் வெட்ஜ் முகத்தின் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்; எண்ணெய் முகத்தில் பந்து வழுக்கும்.

முலாமின் இன்னொரு விலை

குரோம் முலாமுக்குப் பட்டறைத் தொட்டியில் இருப்பது வழக்கமாக ஆறிணைதிறக் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரை ஆக்சைடைப் பயன்படுத்த முடியாது. அந்தக் குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி ஐரோப்பா போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமியச் சேர்மங்கள் செய்த ஆலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. தீமை குறைந்த மூவிணைதிறக் குரோமிய முறை இப்போது பரவிவருகிறது. ஒரு வெட்ஜில் இருக்கும் குரோமியம் ஆடுபவரை ஒன்றும் செய்யாது. ஆபத்தெல்லாம் தொட்டியருகே நிற்கும் தொழிலாளிக்கும் கழிவு போகும் ஊருக்கும்தான். எனவே பழைய மட்டையின் முலாமை வீட்டிலேயே அமிலம் ஊற்றி உரித்து ‘ரா’வாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். உரியும் நிக்கலும் குரோமியமும் சாக்கடையில்தான் போய்ச் சேரும்.

தேர்வின் வரிசை

கடையில் கண்ணில் படுவது நிறம் என்பதால் விற்பவரும் வாங்குபவரும் அதிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் வரிசையைத் திருப்பிவைப்பேன். முதலில் சாய்வு: இப்போது கையில் இருக்கும் மட்டைகளுக்கு இடையே எந்தத் தூரத்துக்கு மட்டை இல்லை என்று பாருங்கள். அடுத்து பவுன்ஸ்: இறுகிய செம்மண் தரையில் ஆடுகிறவருக்குக் குறைந்த பவுன்ஸ், தளர்ந்த மணலுக்கு அதிக பவுன்ஸ். பிறகு குரூவ்: பழைய மட்டை என்றால் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், விளிம்பு நகத்தைப் பிடிக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தபின் பூச்சுக்கு வரலாம்.

அங்கே கேள்வி சுருங்கிவிடுகிறது. துடைக்கும் பழக்கம் இல்லாதவர், பையை வாரக்கணக்கில் காரின் பின்பெட்டியில் விட்டுவைப்பவர், அடிக்கடி சென்னையில் ஆடுபவர் ஆகிய மூவருக்கும் சாட்டின் குரோம். ஓசூரிலோ பெங்களூரிலோ வெயிலில் ஆடி, ஆட்டம் முடிந்ததும் துணியை எடுப்பவருக்கு ‘ரா’ அல்லது நைட்ரைடு கருப்பு. கண்ணுக்குச் சுகம், மேல்பூச்சு உரிகிறதே என்ற வருத்தமும் இராது. கருப்பு ஆக்சைடு வாங்குகிறவர் அது வெளுக்கும் என்று தெரிந்தே வாங்கட்டும். புதிதாகப் பழகுபவர் பூச்சுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நல்ல குரூவுள்ள பழைய குரோம் வெட்ஜ் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை யூரித்தேன் பந்துக்கும் மணலில் பயிற்சி எடுக்கவும் செலவிடட்டும். பந்து கிரீனில் நிற்கத் தொடங்குவது அந்தச் செலவால்தான்.